வெட்டிய மரமும் எழுதாத கடனும்

பச்சை மரத்திலிருந்து நெருப்பை உண்டாக்கித் தந்த தன் ஆற்றலை இறைவன் மனிதனுக்கு நினைவூட்டும் இடமொன்று யாஸீன் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் உண்டு. நம் இல்லங்களில் இடையறாது ஓதப்படும் அத்தியாயமாதலின், சிறுவர் முதல் முதியோர் வரை அதனை அறிவர். விரிவுரையாளர்கள் அவ்விடத்தில் அரபுநாட்டுப் பாலையில் வளரும் மர்க், அஃபார் என்னும் இருவகை மரங்களைக் குறிப்பிடுவர். அவற்றின் ஈரக் கொம்புகளை ஒன்றோடொன்று உரசத் தீப்பொறி பிறக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கம். நீரைத் தாங்கி நிற்கும் மரமே நெருப்பையும் தாங்கி நிற்கிறது என்னும் அவ்வியப்பு, இறந்தோரை மீண்டும் எழுப்பும் வல்லமைக்குச் சான்றாக அங்கே வைக்கப்படுகிறது.

இன்றைய அறிவியல் இந்த வியப்பைக் குறைத்துவிடவில்லை, கூட்டியே தந்திருக்கிறது. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்து, கதிரவன் ஒளியின் துணைகொண்டு அதனைத் தன் உடலாக மாற்றிக் கொள்கிறது. நன்கு உலர்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிதான். அதனை எரிக்கும்போது அந்தக் கரி மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. 1 கிலோ உலர்ந்த கட்டை எரிந்தால் ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஆகவே ஒரு காடு என்பது, காற்றிலிருந்து எடுத்துப் பூட்டி வைக்கப்பட்ட கரியின் பெருங்களஞ்சியமும் ஆகும்.

இவ்வளவையும் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகத்தைச் சூடேற்றிவிட்டோம். இனி அவற்றுக்கு மாற்றாக மரத்தை எரித்து மின்சாரம் எடுப்போம். மரம் மீண்டும் வளரும், ஆதலால் அதனை எரிப்பதனால் காற்றுக்குக் கேடில்லை என்று செல்வ நாடுகள் சில முடிவு கட்டியிருக்கின்றன. கணக்கேட்டில் அப்புகைக்கு நேரே சுழியம் என்று எழுதவும் செய்கின்றன. இது பொறியியலாளர் மட்டும் பேசித் தீர்க்கும் செய்தியன்று. வாக்குறுதி கொடுத்துவிட்டதனாலேயே கடன் அடைந்துவிட்டதாக எழுதிக் கொள்ளலாமா என்பது இதனுள் அடங்கிய வினா. அவ்வினா கொடுக்கல் வாங்கல் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது. ஷரீஅத்தின் நூல்களில் பல ஏடுகளை நிரப்பியிருப்பது.

முதலில் நடந்ததைக் காண்போம். இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில், செல்பி என்னும் ஊருக்கு அருகே டிராக்ஸ் மின்நிலையம் இருக்கிறது. 1970-களில் இயங்கத் தொடங்கி, 1986-இல் முழுமை பெற்ற அந்நிலையம் ஏறத்தாழ 4,000 மெகாவாட் ஆற்றலுடன் பிரிட்டனின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாக விளங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய சட்டமொன்று, 2020-க்குள் தன் எரியாற்றலில் 20 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து பெறவேண்டும் என்று இலக்கு விதித்தது. காற்றும் கதிரவனும் போல் மரமும் அவ்வழிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2013 முதல் டிராக்ஸ் தன் கொதிகலன்களை ஒவ்வொன்றாக மரம் எரிப்பனவாக மாற்றியது. 2018-க்குள் ஆறில் நான்கு மாறின. 2021-இல் அங்கே நிலக்கரி மின்சாரத்தின் வாணிபம் முடிவுற்றது. இன்று பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை அந்த ஒரு நிலையமே தருகிறது.

அதற்கு வேண்டிய மரம் இங்கிலாந்தில் இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களிலும், கனடாவிலும், பால்டிக் கரை நாடுகளிலும் வெட்டப்படும் மரம் அரைத்து, உலர்த்தி, அழுத்தப்பட்டுச் சிறுசிறு உருளைகளாக்கப்படுகிறது. பெல்லட் என்று அவர்கள் கூறும் அதனை மரக்குறுணை என்று நாம் சொல்லலாம். கப்பலேறி அட்லாண்டிக் கடலைக் கடந்து, துறைமுகத்திலிருந்து ரயிலேறி அது கொதிகலனைச் சேர்கிறது. ஆண்டொன்றுக்கு 60 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குறுணையை அந்நிலையம் எரித்த ஆண்டுகள் உண்டு.

இத்திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தை அதற்குரிய வலிமையோடு எடுத்துரைப்பது நம் கடமை. நிலக்கரி பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்தது. அதனைத் தோண்டி எரித்தால் அந்தக் கரி புதிதாகக் காற்றில் சேர்கிறது. மரமோ அண்மையில் காற்றிலிருந்து எடுத்ததையே திருப்பிக் கொடுக்கிறது. வெட்டிய இடத்தில் மற்றொரு மரம் எழுந்து அதனை மீண்டும் எடுத்துக் கொள்ளும். வெயிலில்லாத இரவிலும் காற்றில்லாத நாளிலும் வேண்டும்போது எரித்து மின்சாரம் பெறலாம். மேலும் எரிக்கப்படுவது பெரும்பாலும் மரஅறுவை ஆலைகளின் தூளும், சட்டத்துக்குதவாத கோணல் மரமும், அடர்த்தி குறைப்பதற்காக வெட்டியவையும் ஆகும். அவற்றுக்கு விலை கிடைப்பதால்தான் நிலவுடைமையாளர் காட்டைக் காடாக விட்டு வைத்திருக்கிறார் என்றும் அவர்கள் கூறுகிறார்கள். இவற்றுள் எதுவும் முழுப் பொய்யன்று. ஆதலால்தான் இதனை நின்று நிதானித்து ஆராய வேண்டியிருக்கிறது.

நெருப்பின் கணக்கு ஒளிவு மறைவற்றது. பன்னாட்டுத் தட்பவெப்ப ஆய்வுக் குழு 2006-இல் வெளியிட்ட அளவைகளின்படி, குறிப்பிட்ட ஓரளவு வெப்பத்தைப் பெறுவதற்கு மரத்தை எரித்தால் 112 கிலோ கரியமில வாயு வெளிப்படுமானால், அதே வெப்பத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ 95 கிலோவும், இயற்கை எரிவாயு 56 கிலோவும் வெளியிடும். அதாவது, எரியும் அந்த நாளில் மரத்தின் புகைபோக்கியிலிருந்து வருவது நிலக்கரியினதைக் காட்டிலும் மிகுதி. மரத்துக்குச் சாதகமாகச் சொல்லத்தக்கது அந்த நாளில் இல்லை, வருங்காலத்தில்தான் இருக்கிறது. மரம் வளரும், வளர்ந்தபின் கணக்கு நேராகும்.

எப்பொழுது நேராகும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்மனும் அவர் துணைவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. அமெரிக்கக் கிழக்குப் பகுதிக் காடுகளை மொட்டையாக வெட்டி, நிலக்கரிக்கு மாற்றாக எரித்தால், காட்டின் வகைக்கேற்ப 44 முதல் 104 ஆண்டுகள் கழிந்த பின்னரே காற்றின் நிலை, நிலக்கரி எரித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலைக்குத் திரும்பும் என்று அவர்கள் கண்டனர். அதுவும் அந்த நிலம் இடையில் தீப்பற்றாமலும், புயலுக்கு இரையாகாமலும், மனை நிலமாகவோ வயலாகவோ மாறாமலும் காடாகவே நீடித்தால்தான்.

ஆகவே இதன் உண்மைப் பெயர் கடன். கைக்கடனாக மரத்தை இன்று எடுத்துக் கொள்கிறோம். நாற்பதோ நூறோ ஆண்டுகளில் திருப்பித் தருவதாகச் சொல்கிறோம். கடன் வாங்குவது குற்றமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் கடன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியதைச் சிறந்த முறையில் திருப்பியும் தந்திருக்கிறார்கள். ஆனால் கடனைக் கடன் என்று சொல்லாமல் விடுவதையும், தவணையைக் கூறாமல் மழுப்புவதையும் மார்க்கம் ஒருபோதும் பொறுத்ததில்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதனைப் பற்றியது என்று வினவினால், தொழுகையையோ நோன்பையோ சிலர் எண்ணக்கூடும். அது கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்திலுள்ள அவ்வசனம், தவணை குறித்த கடனை எழுதி வைக்கும்படி பணிக்கிறது. எழுத்தர் நேர்மையோடு எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதற்குச் சலிக்கலாகாது. இவற்றுள் நம் கருத்தை ஈர்க்கும் நுட்பம் ஒன்று உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்லும் பொறுப்பு கடன் கொடுத்தவர்மீது வைக்கப்படவில்லை, கடன்பட்டவர்மீது வைக்கப்பட்டிருக்கிறது. தான் பட்டதைத் தன் வாயால், சிறிதும் குறைக்காமல், இறைவனை அஞ்சிச் சொல்ல வேண்டியவர் அவரே. கடனை ஏற்கும் மனத்தின் நேர்மை அங்கே தொடங்குகிறது.

இந்த மரக்கடனில் கடன் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். இன்னும் பிறக்காதவர்களே அவர்கள். 44 ஆண்டு, 104 ஆண்டு என்னும் தவணை முடியும்போது, இன்று கொதிகலனை இயக்குவோரும், அதற்கு ஒப்பமிட்ட அமைச்சர்களும், அந்த விளக்கொளியில் படித்தவர்களுள் பெரும்பாலோரும் மண்ணறையில் இருப்பர். இடைப்பட்ட வெப்பத்தைத் தாங்குவோரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவர்கள் சார்பில் ஒரு சாட்சியும் பத்திரத்தில் கையொப்பமிடவில்லை.

ஜனாஸா ஒன்று கொண்டுவரப்பட்டபோது, இவர்மீது கடன் உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததை நாம் ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். அடைக்க வழியின்றிக் கடன் இருப்பதாக அறிந்தபோது, தாம் முன்னின்று தொழுவிக்கத் தயங்கி, தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே அண்ணலார் தொழுவித்தார்கள். இறந்தவரின் சொத்தைப் பங்கிடும்போதும், அடக்கச் செலவுக்கு அடுத்துக் கடனே அடைக்கப்பட வேண்டும். மரண சாசனமும் வாரிசுப் பங்கும் அதன் பின்னரே. இத்துணைக் கண்டிப்பு ஏன்? இறந்தவர் விட்டுச் சென்ற சுமை, அறியாத வாரிசுகள்மீது விழுந்துவிடலாகாது என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றன்றோ! வெட்டிய காட்டின் கடனிலோ வாரிசுகளுக்குச் சொத்தும் இல்லை. மின்சாரம் முன்னமே செலவழிந்து போயிற்று. எஞ்சியிருப்பது கடன் மட்டுமே.

வருங்கால விளைச்சலை இன்றே கைப்பொருளாகக் கருதலாமா என்பதற்கும் ஃபிக்ஹு நூல்களில் தெளிவான முடிவு உண்டு. மரங்களின் கனிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். பூவே தோன்றாத மரத்தில் பழத்துக்கு விலை பேசுவது மயக்கமுள்ள வாணிபம். புழுவோ வறட்சியோ அதனை அழித்துவிட்டால், வாங்கியவன் கொடுத்த பொருளுக்கு ஈடு எங்கே? அதே வேளையில், முன்பணம் கொடுத்துப் பின்னர் பொருள் பெறும் ஸலம் என்னும் வாணிபத்தை அவர்கள் அனுமதித்தார்கள். அளவும் எடையும் தவணையும் ஐயமின்றிக் குறிக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனையோடு. அதிலுங்கூட, குறிப்பிட்ட ஒரே தோட்டத்தின் விளைச்சலை நம்பி வாக்களிப்பதை அறிஞர்கள் ஏற்கவில்லை, அத்தோட்டம் பொய்த்துவிடக்கூடும். இனி முளைக்கப் போகும் காட்டினை இன்றே வரவில் எழுதிக்கொள்வோர் நம் மத்ரஸாவின் மாணவனிடம் தேர்வெழுதினால், அவன் எவ்வளவு மதிப்பெண் தருவான் என்று சொல்லவும் வேண்டுமோ?

அப்படியானால் அந்தச் சுழியம் கணக்கேட்டில் எவ்வாறு ஏறிற்று? இதனை அறிந்தாலொழிய இதன் அறவினா முழுமையாகப் புலப்படாது.

நாடுகள் தத்தம் கரியமில வாயுவைக் கணக்கிடப் பன்னாட்டு விதிமுறைகள் வகுக்கப்பட்டபோது ஓர் இடர் எழுந்தது. மரம் வெட்டப்படும்போது காட்டுக் கணக்கில் ஒரு முறையும், எரிக்கப்படும்போது மின்சாரக் கணக்கில் மறுமுறையுமாக, ஒரே கரி இருமுறை எண்ணப்பட்டுவிடும். அதைத் தவிர்ப்பதற்காக, வெட்டும் இடத்திலேயே எண்ணிவிடுவோம், எரிக்கும் இடத்தில் விட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. விதி வகுத்தோரின் எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையை அமெரிக்கா உறுதி செய்யவே இல்லை. கனடா 2011-இல் அதனின்று விலகுவதாக அறிவித்தது. மரம் வெட்டப்பட்ட நாட்டுக்கு இலக்கு இல்லை. எரிக்கப்பட்ட நாட்டிலோ சுழியம். இருமுறை எண்ணப்படலாகாது என்று காத்த கரி, ஒருமுறையும் எவர் கடமையிலும் சேராமல் காற்றில் கலந்துவிட்டது. திமதி சர்ச்சிங்கர் முதலான அறிஞர்கள் 2009-ஆம் ஆண்டிலேயே 'சயன்ஸ்' இதழில் இப்பெரும் ஓட்டையைச் சுட்டிக் காட்டினர். 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் எல்லா நாடுகளும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டன என்பது மெய்யே. எனினும் அமெரிக்கா 2020-இல் அதினின்று வெளியேறி, 2021-இல் திரும்பி வந்து, 2025-இல் மீண்டும் விலகல் அறிவிப்புச் செய்தது.

இதற்கு நிகரான ஒன்றை நம் பெரியோர்கள் நன்கறிவார்கள். ஜக்காத் கடமையாவதற்குப் பொருள் ஓராண்டு முழுவதும் ஒருவர் உடைமையில் இருக்க வேண்டும். ஆண்டு நிறைவதற்குச் சில நாள் முன்னர் கணவர் தம் பொருளையெல்லாம் மனைவிக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுக்கிறார். அடுத்த ஆண்டு நிறைவதற்கு முன்னர் மனைவி அதனைக் கணவருக்கே திருப்பி எழுதிக் கொடுக்கிறார். பொருள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. எவர் கையிலும் ஆண்டு நிறையவில்லை. வாசலில் நின்ற ஏழைக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஏட்டைப் பார்த்தால் எல்லாம் சரி. இதற்கு ஹீலா என்று பெயர். சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைப் போக்கும் தந்திரம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் ஹீலாக்களுக்கெனத் தனி நூற்பகுதியே வகுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடை செய்யப்பட்ட கடற்கரை ஊரார், வெள்ளியன்றே வலை விரித்து வைத்து ஞாயிறன்று அள்ளிக்கொண்டதாக விரிவுரையாளர்கள் கூறும் வரலாறும் இவ்வகையினதே.

ஹீலாவைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதனை நாம் மறைக்கவில்லை. நெருக்கடியில் சிக்கியவன் பாவத்தில் வீழாமல் வெளியேற ஒரு வழி காட்டுவது வேறு. மற்றொருவரின் உரிமையை அழிப்பதற்கு வழி காட்டுவது வேறு. பின்னதே பழிக்கப்பட்டது. அதனால், ஒரு தந்திரத்தை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது, இதனால் யாருடைய பங்கு காணாமற் போயிற்று என்பதே.

இவ்வினாவை டிராக்ஸின் கணக்கில் இட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் விதிகளில், மரத்தை வெட்டுவதற்கும், உலர்த்துவதற்கும், கப்பலில் கொண்டு வருவதற்கும் ஆகும் எண்ணெய்ப் புகை கணக்கில் ஏறுகிறது. கொதிகலனில் மரம் எரிந்து எழும் பெரும்புகை ஏறுவதில்லை. ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கும் மேற்பட்ட அந்த வாயுவை அந்நிறுவனம் தன் ஆண்டறிக்கையிலேயே தனி வரியில் காட்டுகிறது. ஆனால் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை. எனவே யாரும் எதையும் ஒளித்தார் என்று நாம் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. ஒளிக்க வேண்டிய தேவையை விதியே நீக்கிவிட்டது. இந்தச் சுழியத்தின் பேரில் மரம் எரிக்கும் தொழிலுக்குப் பிரிட்டன் மக்கள் தந்த உதவித்தொகை சிறிதன்று. 2024 ஜனவரியில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை அதனை ஏறத்தாழ 2,200 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. அவ்வளவு கொடுத்தும், எரிக்கப்படும் மரம் உரிய நெறிமுறைப்படி வந்தது என்பதை உறுதிப்படுத்தத் தன் ஏற்பாடுகள் போதுமானவை என்று அரசினால் நிறுவ இயலவில்லை எனவும் அது கூறிற்று.

அதே 2024 ஆகஸ்டில், மின்சாரத் துறையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் என்னும் அமைப்பு, கனடாவிலிருந்து வந்த மரத்தின் வகை பற்றி டிராக்ஸ் துல்லியமற்ற விவரம் தந்தது என்று கண்டது, அந்நிறுவனம் 2.5 கோடி பவுண்டு செலுத்த இசைந்தது. உதவித்தொகை தகுதியின்றி வழங்கப்பட்டதற்குச் சான்றில்லை என்றும் அவ்வமைப்பு சேர்த்துச் சொன்னது. நடுநிலை கருதி அதனையும் இங்கே எழுதுகிறோம். ஆயினும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்னும் திருமறையின் நுட்பத்தை இங்கே எண்ணிப் பாராமல் இருக்க முடியவில்லை.

மற்றொரு பங்கும் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் குளோஸ்டர் என்றொரு சிற்றூர்; ஆயிரம் பேர்கூட இல்லை; பெரும்பாலோர் கறுப்பின ஏழைமக்கள். அங்குள்ள குறுணை ஆலை, அனுமதித்த அளவினும் மிகுதியாகக் கேடு தரும் வாயுக்களை வெளியிட்டதற்காக, அம்மாநில அரசு 25 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. யார்க்ஷயரில் பசுமை என்று எழுதப்பட்ட மின்சாரத்தின் தூசி குளோஸ்டரின் வாசல்களில் படிந்தது. அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தினராகிய நாம், அண்டை வீடு என்பது கடலுக்கு அப்பாலும் இருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து உணர்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அமெரிக்கத் தெற்குக் காடுகளில் ஆண்டுதோறும் வெட்டப்படுவதைவிட வளர்வது மிகுதி. மொத்தக் காடு குறையவில்லை. பின்னர் கடன் ஏது என்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் தம் வருவாயில் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார் என்பதற்காக நம்முடைய கடன் அடைந்ததாகுமா? அந்த மரங்கள் எவர் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் வளர்ந்து கொண்டிருந்தவை. காற்றிலிருந்து கரியை எடுத்துக் கொண்டிருந்தவை. அந்த வரவைக் காட்டி ஒருவர் தம் செலவை இல்லையென்று சொல்வது முறையாகாது.

நிலக்கரியோடு ஒப்பிட்டு மரத்தைப் புகழ்ந்த வாதமும் இன்று தளர்ந்துவிட்டது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் மூடப்பட்டது. இனி மரம் போட்டியிடுவது நிலக்கரியோடு அன்று. எரிவாயுவோடும், காற்றாலையோடும், கதிரவனோடும். தீமைகளுள் பெரியதை விலக்கச் சிறியதைப் பொறுத்துக் கொள்ளலாம் என்பது ஃபிக்ஹின் விதியே. ஆனால் பெரிய தீமை விலகிய பின்னும் அவ்வனுமதி தொடர்வதில்லை. நிர்ப்பந்தம் நீங்கியதும் சலுகையும் நீங்கும் என்பதும் அதே ஃபிக்ஹு கற்பிக்கும் பாடந்தான்.

மரத்தையோ தாவரத்தையோ எரிப்பது எல்லாமே தவறு என்பது நம் கருத்தன்று. அப்படிச் சொன்னால் அதுவும் நீதியாகாது. நெருப்பில் இடப்போகும் பொருளை நோக்கி, நாம் எரிக்காவிடில் இது என்னவாகியிருக்கும் என்று கேட்க வேண்டும். அறுவை ஆலையின் தூள் குவிந்து கிடந்து மக்கியிருக்கும். அதன் கரி சில ஆண்டுகளில் எப்படியும் காற்றில் சேர்ந்திருக்கும். பஞ்சாபிலும் அரியானாவிலும் அறுவடைக்குப் பின் வைக்கோல் தாளை வயலிலேயே கொளுத்தி விடுகிறார்கள். டில்லி வரை மூச்சு முட்டுகிறது. அத்தகைய வேளாண் கழிவைக் குறுணையாக்கி, அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 விழுக்காடு கலந்து எரிக்கும்படி மத்திய அரசு 2021-இல் வகை செய்தது. எப்படியும் எரியப்போவது வயலில் வீணாக எரியாமல் கொதிகலனில் எரிகிறது. இதில் கடன் மிகச் சிறிது. கரும்புச் சக்கையை எரித்து ஆலைகள் மின்சாரம் எடுப்பதும் இவ்வகையே.

நம் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் சீமைக்கருவேல மரத்தையும் இவ்வாறே நோக்கலாம். அயல்நாட்டிலிருந்து வந்து கண்மாயையும் வயலையும் கைப்பற்றிக்கொண்ட அம்மரம், வெட்டிய சில ஆண்டுகளில் அடிக்கட்டையிலிருந்து தழைத்து நிற்கும். கரிமூட்டம் போடும் ஏழைகளின் அடுப்பு அதனால் எரிகிறது. தென்மாவட்டங்களில் அதனை எரித்து மின்சாரம் எடுத்த சிறு நிலையங்களும் உண்டு. அதன் தவணை குறுகியது. நிலத்தை அதனிடமிருந்து மீட்பதும் நன்மையே. ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு பனையையும் புளியையும் வேம்பையும் கொதிகலனுக்கு அனுப்பத் தொடங்கினால், அன்று நம்மிடமும் ஒரு ஹீலா பிறந்துவிட்டது என்றே பொருள். எண்பது ஆண்டு நின்ற புளியமரத்தின் தவணை எண்பது ஆண்டு.

வழக்கில் தீர்ப்புத் தமக்குச் சாதகமாக வந்துவிட்டாலும், உண்மையில் பிறர்க்குரியதை எடுத்துக்கொண்டவர் நெருப்பின் துண்டொன்றையே எடுத்துக் கொள்கிறார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நமக்குத் தெரியும். சொல்வன்மையால் தீர்ப்பு மாறலாம். பொருளின் உடைமை மாறாது. பன்னாட்டு விதியும், சட்டமும், தணிக்கையாளர் ஒப்பமும் ஒரு புகையைச் சுழியம் என்று எழுதிவிடலாம். அந்த எழுத்தைக் காற்று படிப்பதில்லை. 2018-இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளரும், 2021-இல் உலகத் தலைவர்களுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்டோரும் மடல் எழுதி வற்புறுத்தியதும் ஏறத்தாழ இதுவே. அவற்றின் தாக்கம் மெதுவாகத் தெரிகிறது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு, 2027 முதல் 2031 வரை டிராக்ஸுக்கு உதவித்தொகை தொடரும் என்றும், ஆனால் அதனைப் பாதியாகக் குறைத்து, அந்நிலையம் இயங்கும் நேரத்தையும் வெகுவாகக் கட்டுப்படுத்துவதாகவும் அறிவித்தது. கொதிகலன் எரியும் நேரம் குறையும். சுழியம் மட்டும் இன்னும் சுழியமாகவே இருக்கிறது.

வெட்டியதற்கு ஈடாக மரம் நடுகிறோமே என்று ஒருவர் நம்மிடம் கூறலாம். மரம் நடுவது மகத்தான தர்மம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. இறுதிநாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு அவர்கள் பணித்திருப்பதை அறியாதார் யார்? தாம் பயன்பெற மாட்டார் என்று அறிந்தும் நடும் அந்தக் கைக்கு நன்மை உண்டு. ஆனால் அதே மார்க்கம், கடன்பட்டவர் முதலில் கடனை அடைக்க வேண்டும், பின்னரே தர்மம் செய்ய வேண்டும் என்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடாமல் வாசலில் அன்னதானம் செய்வோரை ஊரார் புகழலாம். கடன் கொடுத்தவர் பசியோடு நின்றுகொண்டுதான் இருப்பார்.

ஆதலின், நம் இல்லத்துப் பிள்ளைகள் பாடநூலில் மரம் எரித்துப் பெறும் மின்சாரம் பசுமையானது என்று படித்துவந்து நம்மிடம் காட்டினால், அதனைப் பொய்யென்று தள்ளவும் வேண்டாம். மெய்யென்று ஏற்கவும் வேண்டாம். எந்த மரம், எங்கே வெட்டியது, திரும்ப வளர எத்தனை ஆண்டு, அதுவரை அந்தக் கடன் யார் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுப்போம். தவணை தாங்கிய கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதி வைக்கச் சொன்ன மறையை ஓதும் பிள்ளைகளுக்கு இவ்வினா புதிதன்று.